சினை மாட்டுக்கு ஒரு கரண்டி கூடுதல்

மூன்று நாள் பயிற்சியில் வினோதினி கோட்டைவிட்டது ஒரே ஒரு பாடத்தைத்தான்.

கயிற்று வேலையில் இருபது பேரில் அவள்தான் முதல். ஒரு முனையைச் சுண்டினால் உருவிக்கொண்டு வரும் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டே போடுவாள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்திழுத்து மாட்டின் மூக்கைக் கிழிக்காமல், முகத்தைச் சுற்றித் தலைக்கயிறு போட்டு அதை நடத்திக்கொண்டு வருவாள். அடிபட்ட நாயின் வாயைத் துணியால் கட்டும்போது அவள் கை நடுங்காது. நாயும் ஏனோ அவளிடம் உறுமாது.

"இந்தப் பாப்பா வாயத் தொறக்கறதில்ல, அதான் நாய்ங்களுக்கு இத்தப் புடிச்சிருக்கு," என்றான் வல்லரசு. அவன் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது செய்வதைப் போலவே பயிற்சியிலும் எல்லோரையும் சீண்டிக்கொண்டிருந்தான்.

கோட்டைவிட்டது கேட் பாடம்.

பயிற்சி நடந்தது வேங்கிக்காலில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மழை வெள்ளம், மலையில் தீ, தீபத்துக் கூட்டம் என்று ஏதாவது வந்தால் ஆடுமாடு, நாய் பூனைகளைக் காப்பாற்ற ஊரிலேயே ஆள் வேண்டும் என்று ஒரு சின்ன அமைப்பு ஏற்பாடு செய்திருந்தது. அதற்கான நோட்டீஸை நகல் எடுத்துக் கொடுத்ததே வினோதினிதான். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. இருநூறு நோட்டீஸ் எடுத்தவள் ஒன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பெயர் கொடுக்க அவளுக்கு நான்கு நாள் ஆனது.

சொல்லிக்கொடுத்தவர் தேவிப்ரியா, கால்நடை மருத்துவர். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. மூன்றாம் நாள் அவர் கூடத்தின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, "இதுதான் இருக்கறதுலயே கஷ்டமான பாடம்," என்றார்.

"வெள்ளத்துல பொழச்ச மாடு கேம்ப்ல செத்ததப் பாத்துருக்கேன். ரெண்டு நாள் பட்டினி கெடந்த வயிறு. அதுல சோத்தக் கொட்டுனா உள்ளயே புளிச்சிப் போயிடும். வயிறு அசையறதே நின்னுடும். நம்ம ஊர்ல யாரும் மாட்ட அடிச்சுக் கொல்ல மாட்டாங்க. சோறு போட்டுத்தான் கொல்லுவாங்க. பாவம் பாத்து, கையக் கூப்பிக் கும்புட்டு, வயிறு முட்டப் போடுவாங்க. அதனால கேட்ல ஒரு ஆள் நிக்கணும். வைக்கோலும் தண்ணியும் தவிர எதுவும் உள்ள போகக் கூடாது. யார் வந்தாலும் வேணாம்னு சொல்லணும். அப்படியும் ஏதாவது நடந்துட்டா, அந்த நிமிஷமே எங்கிட்ட சொல்லணும். மறைச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஒவ்வொருவராகக் கதவு முன்னால் நிற்கவைத்தார். வல்லரசு பக்தராக நடித்தான். தலையில் துண்டைக் கட்டி, காலி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அரோகரா, வழி வுடும்மா, கோமாதாவுக்குப் பிரசாதம்," என்று வந்தான். மற்றவர்கள் அதட்டினார்கள், கெஞ்சினார்கள், ஒருவர் வாளியையே பிடுங்கிக்கொண்டார். வினோதினியின் முறை வந்தபோது அவள் வாளியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

கூடம் சிரித்தது. மறுபடி நிற்கவைத்தார்கள். மறுபடியும் அதேதான்.

"இந்தப் பாப்பாவ விட கதவு தேவல டாக்டர். கிறீச்சுனாவது ஒரு வார்த்த சொல்லும்," என்றான் வல்லரசு.

வினோதினியும் சிரித்துவைத்தாள். தேவிப்ரியா சிரிக்கவில்லை. "பழகிக்கோ," என்று மட்டும் சொன்னார்.

பழகிக்கொள்வதற்குள் மழை வந்துவிட்டது.

கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறிய மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. திங்கட்கிழமை விடியும்போது ஏரிக்குக் கீழே இருந்த தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். மனிதர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மாடுகளுக்கு அங்கே இடமில்லை. பயிற்சிக்கு வந்த இருபது பேரில் ஒன்பது பேர்தான் அன்று வந்தார்கள். அந்த ஒன்பதில் வினோதினி ஒருத்தி.

சந்திரகலாவின் மாடு கொட்டகைக்குள் மார்பளவுத் தண்ணீரில் நின்றது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, எட்டு மாதச் சினை. கட்டுத்தறிக் கயிறு தண்ணீருக்குள் ஊறி இறுகிப்போயிருந்தது. வினோதினி மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி அதை அறுத்தாள். தலைக்கயிறு போட்டாள். முன்னூறு அடி தூரத்தை மாடும் அவளும் முக்கால் மணி நேரம் நடந்தார்கள். வழியில் மாடு இரண்டு தடவை நின்றுவிட்டது. இரண்டு தடவையும் அவள் இழுக்காமல் அதன் கழுத்தில் கன்னத்தை வைத்தபடி காத்திருந்தாள்.

மேட்டில் சந்திரகலா நின்றிருந்தாள். பத்து வீட்டுக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். அந்த ஒரு மாடுதான் அவளுக்கு. ஈரப் புடவையோடு மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"ரோஜா, ஏய் ரோஜா. உள்ள ஆடுது பாரு, கன்னுக்குட்டி ஆடுது." பிறகு வினோதினியின் பக்கம் திரும்பினாள். "எங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போவச் சொல்றாங்க. இத்த வுட்டுட்டு எப்புடிப் போவறது? யாரு பாத்துப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன்கா," என்றாள் வினோதினி. அவளாக வாய் திறந்து சொன்னது அன்று அது ஒன்றுதான்.

செங்கம் ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லில்தான் மாடுகளைக் கட்டினார்கள். மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் நேரே சுவரில் ஒரு அட்டை தொங்கியது. எத்தனை மணிக்கு என்ன தின்றது, தண்ணீர் குடித்ததா, சாணி போட்டதா என்று எழுதவேண்டும். கடையில் வைத்து வினோதினி லேமினேட் செய்து கொண்டுவந்த அட்டைகள் அவை. ரோஜாவின் அட்டையில் "வினோதினி பொறுப்பு" என்று அவளே எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வல்லரசு வைக்கோல் ஏற்றிவரப் போயிருந்தான். தேவிப்ரியா ஏரிப் பக்கம் நாய்களைப் பார்க்கப் போயிருந்தார். இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் மில்லின் ஆபீஸ் அறையில் தூங்கினார்கள். கேட்டில் வினோதினி மட்டும் இருந்தாள்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து ஹைமவதி மாமி இறங்கினார்.

வினோதினி சட்டென்று எழுந்து நின்றாள். மாடவீதியில் மாமி வீட்டுக்கு இருபது வருடமாகப் பூ கொடுப்பது அவள் அம்மா. குருக்கள் குடும்பம். சிறுமியாக இருந்தபோது அந்த வீட்டு வாசற்படிக்கு வெளியே பூக்கூடையோடு நின்று, மாமி பார்க்கும்வரை கூப்பிடாமல் காத்திருந்தே அவளுக்குப் பழக்கம்.

ஆட்டோக்காரர் இரண்டு பெரிய பித்தளை அண்டாக்களை இறக்கினார். மூடியைத் தாண்டி நெய்யும் வெல்லமும் மணத்தன.

"ஏன்டீம்மா, நீ பூக்காரி பொண்ணோன்னோ? இங்கதான் இருக்கியா? ரொம்ப நல்ல காரியம்." மாமி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சேற்றைத் தாண்டினார். "அன்னதானத்துக்குன்னு வடிச்சோம். பஸ் ஓடலை, மழைக்கு ஜனமே வரலை. அப்படியே இருக்கு. கொட்ட மனசு வருமா? வாயில்லா ஜீவன், ரெண்டு நாளாப் பட்டினின்னு சொன்னா. கேட்டத் தெற."

வினோதினி வாயைத் திறந்தாள். தொண்டைவரை அந்த ஒரு வார்த்தை வந்தது. மாமியின் நெற்றியில் ஈரக் குங்குமம் வழிந்திருந்தது. இந்த மழையிலும் குளித்துவிட்டு வந்திருக்கிறார். இவரிடம் வேணாம் என்று சொல்வது எப்படி?

அவள் ஒதுங்கினாள். கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

மற்ற மாடுகளுக்குத் தலைக்கு ஒரு கரண்டி. ரோஜாவின் அருகே வந்ததும் மாமி நின்றுவிட்டார். "அடடா, சினையா? ரெண்டு உசிரோன்னோ? இதுக்குக் கூடுதலா வைங்கோ." ஆட்டோக்காரர் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தார். ரோஜா அதைக் கண்மூடித் திறப்பதற்குள் தின்றுவிட்டுத் தலையை நீட்டியது. மாமிக்குக் கண் கலங்கியது. கடைசியில் இரண்டாவது அண்டாவில் பாதியை அதன் தொட்டியிலேயே கவிழ்த்தார்கள்.

போகும்போது மாமி ஒரு வாழையிலைத் துண்டில் பொங்கலை வைத்து வினோதினியின் கையில் கொடுத்தார். "நீயும் சாப்பிடு. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு."

முதல் நாள் மதியத்திலிருந்து அவள் எதுவும் தின்னவில்லை. சாப்பிட்டாள். இனித்தது.

பிறகுதான் பயம் வந்தது. தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அட்டையை எடுத்தாள். "காலை 7 மணி: வைக்கோல், தண்ணீர்" என்று எழுதினாள். ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாட்டுப் பொங்கலுக்கு ஊரே ஊட்டுகிறதே, ஒன்றும் ஆகாது. அந்தக் கூடத்துச் சிரிப்பு காதில் கேட்டது. இதைச் சொன்னால் மறுபடியும் எல்லோரும் சிரிப்பார்கள். இந்தத் தடவை சிரிக்கக்கூட மாட்டார்கள்.

பகல் முழுக்க ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பகல்வரை மாடு நன்றாகத்தான் நின்றது. மூன்று மணிக்கு அசைபோடுவதை நிறுத்தியது. ஐந்து மணிக்குத் தலை தொங்கிப்போய்ப் பல்லை நறநறவென்று கடித்தது.

ஆறு மணிக்குத் தேவிப்ரியா வந்தார். உடம்பெல்லாம் சேறு, கையில் நாய் கீறிய கோடுகள். ரோஜாவின் இடப்பக்க விலாவுக்குப் பின்னால் கைமுட்டியை அழுத்தி வெகுநேரம் வைத்திருந்தார்.

"வயிறு அசையலியே." அட்டையைப் பார்த்தார். "வைக்கோல், தண்ணி. வேற யாராவது ஏதாவது போட்டாங்களா?"

எல்லோரும் வினோதினியைப் பார்த்தார்கள். வல்லரசு தோளில் வைக்கோல் கட்டோடு நின்றிருந்தான். அவன் முகத்தில் கேலி எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. இருந்தும் அவளுக்கு அந்த வாளிதான் கண்முன் வந்தது.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"அப்ப குளிர்ல நின்னதுதான் இருக்கும். வெள்ளத் தண்ணியும் குடிச்சிருக்கும்," என்று தேவிப்ரியா அதற்கான ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்தார். அவர் அட்டையை நம்பினார். எழுத்து அவ்வளவு சுத்தமாக இருந்தது.

வினோதினி வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்து, தூறலில் குடையில்லாமல் மில்லுக்கு நடந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே போனாள். கிட்டப் போனதும் புளித்த மாவு நாற்றம் மூக்கில் அடித்தது. ரோஜா படுத்திருந்தது. பின்பக்கம் தண்ணீராகக் கழிந்திருந்தது. கண்கள் குழி விழுந்திருந்தன. தேவிப்ரியா அருகில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், நேத்து பொங்கல் போட்டாங்க."

தேவிப்ரியா திரும்பினார். அவர் கத்தவில்லை.

"எத்தன மணிக்கு?"

"ஏழு."

"எவ்ளோ?"

வினோதினி இரண்டு கைகளையும் விரித்து அண்டாவின் அளவைக் காட்டினாள். பாதி என்று சொல்ல வாய் வரவில்லை. விரித்த கைகளைக் கொஞ்சம் சுருக்கினாள்.

தேவிப்ரியா வாட்சைப் பார்த்தார். "இருபத்திரெண்டு மணி நேரம்," என்றார். "நேத்து சாயங்காலம் கேட்டனே. அப்ப சொல்லிருந்தா..." எழுந்து, "வல்லரசு, எந்தக் கடை தொறந்திருந்தாலும் சரி, சோடா உப்பு வாங்கினு வா, வயித்துப் புளிப்ப முறிக்கணும். இருக்கறத மொத்தமும்," என்றார்.

அன்று காலை முழுக்க வினோதினி டாக்டர் சொன்னதையெல்லாம் செய்தாள். மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். மில்லின் கொக்கிகளில் சலைன் பாட்டில்களைக் கட்டினாள். அவள் போட்ட முடிச்சுகள் எல்லாம் சரியாக இருந்தன. பத்து மணிவாக்கில் தேவிப்ரியா ரோஜாவின் வலப்பக்க வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். நகர்த்தி வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். வினோதினி அந்த இடத்தில் தன் கையை வைத்தாள். உள்ளே எதுவும் ஆடவில்லை.

பதினொன்றரைக்கு மாடு செத்தது.

தேவிப்ரியா குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே, "மாட்டுக்காரம்மா வருவாங்க. நான் சொல்றேன்," என்றார்.

"நான் சொல்றேன் டாக்டர்."

தேவிப்ரியா குழாயை மூடினார். "சரி."

வினோதினி சுவரில் தொங்கிய அட்டையை எடுத்தாள். "வைக்கோல், தண்ணீர்" என்றிருந்ததன் கீழே எழுதினாள்: "சர்க்கரைப் பொங்கல், அரை அண்டா. நான் கேட்டில் இருந்தேன்."

சந்திரகலா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள். யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். அவள் மாட்டின் மேல் விழுந்து அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அழவில்லை. அருகில் உட்கார்ந்து மாட்டின் காதுக்குள் இருந்த உண்ணி ஒன்றைப் பிய்த்து எறிந்தாள். வழக்கமாகச் செய்கிற வேலை போலும். கை தானாகச் செய்தது.

வினோதினி அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பொங்கலை, தான் கேட்டைத் திறந்ததை, தொட்டியைக் கழுவியதை, டாக்டர் கேட்டபோது இல்லையென்று தலையாட்டியதை. அவள் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

சந்திரகலா கேட்டுக்கொண்டிருந்தாள். "சோத்தயா சொல்ற?" என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா. பொங்கல்."

"பொங்கல் தின்னு மாடு சாவுமா? வருசா வருசம் நானே ஊட்டறேன் இதுக்கு."

"அது ஒரு கை இருக்கும்கா. இது..."

"எத்தினி ஊசி போட்டாங்க? அத்தச் சொல்லு."

"அக்கா, ஊசியால இல்ல."

"அந்த டாக்டரம்மா உன்ன இப்புடிச் சொல்லச் சொன்னாங்களா?" சந்திரகலாவின் குரலில் கோபம்கூட இல்லை. "சாமி பேரச் சொல்லி வடிச்ச சோறு. அதும்மேல பழியப் போடாத, கண்ணு. அது ஆவாது." அவள் ரோஜாவின் கழுத்துச் சலங்கையை அவிழ்க்க முயன்றாள். விரல்கள் வழுக்கின. வினோதினி அவிழ்த்துக் கொடுத்தாள். "நீ நல்ல பொண்ணு. தண்ணில முங்கி இட்டாந்த. உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

வினோதினியால் அந்த இடத்தைவிட்டு எழ முடியவில்லை. திட்டுவாள், அடிப்பாள் என்றுதான் அவள் தயாராக வந்திருந்தாள்.

அப்போது வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது.

ஹைமவதி மாமி இறங்கினார். இன்றும் இரண்டு அண்டா. ஒன்றின் ஒரு வளையத்தை ஆட்டோக்காரரும் மறு வளையத்தை அவருமாகத் துணி சுற்றிப் பிடித்திருந்தார்கள். "நேத்து ருசி கண்டுடுத்துகள். வழியப் பாத்துண்டு நிக்குமேன்னு அவசரமா வந்தேன்," என்றார். நெய் மணம் மில்லுக்குள் வந்தது. உள்ளே கட்டியிருந்த பதினோரு மாடுகளில் ஒன்று கத்தியது. இன்னொன்று கயிற்றை இழுத்தது.

திறந்திருந்த கேட் வழியாக மாமியின் பார்வை தரையில் கிடந்த ரோஜாவின் மேல் விழுந்தது. "ஐயோ, இந்தச் சினை மாடா? அந்த வெள்ளம் வாரிண்டு போயிடுத்தே. கடைசியா வயிறு நெறையத் தின்னுட்டுப் போச்சு, அந்த மட்டும் புண்ணியம்."

சந்திரகலா சலங்கையோடு எழுந்து நின்று கைகூப்பினாள். "ஆமாம்மா. குடுங்கம்மா. மத்ததுங்களாவது தின்னட்டும்."

தேவிப்ரியா பின்பக்கம், குழி தோண்ட ஆள் பேசிக்கொண்டிருந்தார். வல்லரசு அவரைக் கூப்பிட ஓடினான்.

வினோதினி எழுந்தாள். நடந்து வெளியே போய்க் கேட்டைத் தனக்குப் பின்னால் இழுத்தாள். அது கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. அவள் அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"வேணாம் மாமி."

தூறலிலும் ஆட்டோ இன்ஜின் சத்தத்திலும் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னடீம்மா சொல்றே? தள்ளு, கை வலிக்கறது."

உள்ளேயிருந்து கம்பிகளுக்கிடையே சந்திரகலாவின் குரல் வந்தது. "வழி வுடும்மா. பெரியவங்க நிக்கறாங்க இல்ல."

வினோதினி மறுபடியும் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை ஒன்றுமே வரவில்லை. மாமி ஒரு அடி முன்னால் வந்தார். வினோதினி குனிந்து, அண்டாவின் மறுபக்கத்தில் ஆட்டோக்காரர் பிடித்திருந்த வளையத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே அழுத்தினாள். அண்டா சேற்றில் உட்கார்ந்தது. மாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பூக்காரி பொண்ணா இது என்பதுபோல.

வளையம் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.